எக்ஸ்பி பெட்டி நின்றுபோனால் லினக்ஸில் எதை ஏற்றுவது?

திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய பதிப்பகம் இருக்கிறது. முன்னறையில் புத்தகக் கட்டுகள், பின்னறையில் இரண்டு கணினிகள். ஒன்றில் டெபியன் லினக்ஸ். கணக்கு, மின்னஞ்சல், அட்டைப்பட வேலை எல்லாம் அதில். மற்றொன்று விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய பெட்டி. இருபது வருடங்களாக அவர்கள் போட்ட புத்தகங்கள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள், பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளாகத்தான் இருந்தன. நவம்பர் மழை நாள் ஒன்றில், காலையில் பொத்தானை அழுத்தியபோது அது எழுந்திருக்கவில்லை. திறந்து பார்த்தால் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. ஜனவரியில் புத்தகக் காட்சி. நான்கு தலைப்புகள் மறுபதிப்புக்குப் போக வேண்டும்.

"எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றத்தான் வேண்டும், ஆனால் ஒரு மாதத்தில் முடிகிற காரியம் அல்ல. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைகளை, அரசு தரமாக்கியது. அதற்கு முன்பும் பின்பும் எழுத்துரு விற்றவர்கள் பலரும் தங்களுக்கென்று ஒரு குறியேற்றத்தை வைத்திருந்தார்கள். ஒரு எழுத்துருவில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து இருக்கும். எழுத்தை மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் எழுத்து மாறியவுடன் அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும், பக்கம் தள்ளிப்போகும். 400 பக்க நூலின் பொருளடக்கமும் சொல்லடைவும் மறுபடி செய்ய வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் கோப்புகளை அப்படியே திறந்து, இரண்டு பிழையைத் திருத்தி, அச்சுக்கு அனுப்ப வேண்டுமென்றால் எக்ஸ்பியும் அந்த எழுத்துருவும் அதோடு வந்த யூஎஸ்பி பூட்டும் (செருகியிருந்தால்தான் எழுத்துரு வேலை செய்யும் சின்னச் சாதனம்) ஒரே இடத்தில் வேண்டும்.

ஆகவே கேள்வி இதுதான்: ஏற்கெனவே இருக்கும் லினக்ஸ் கணினிக்குள் எக்ஸ்பியை எதன் மூலம் ஓட்டுவது? என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருபது வருடமாகப் பக்கம் கட்டும் அக்கா, பழைய தட்டச்சு முறையில் விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பவர். மெய்நிகர் இயந்திரம் (விஎம், ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) என்றால் என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நான் வேலை பார்ப்பது சோழிங்கநல்லூரில். அங்கிருந்து திருவல்லிக்கேணிக்கு வர வண்டி நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். லினக்ஸ் இரவில் அப்டேட் ஆகி, மறுநாள் காலை அக்கா வந்து உட்காரும்போது, நான் இல்லாமலே எக்ஸ்பி திரை வர வேண்டும். வேகம், அழகு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எமுலேஷனா, விர்ச்சுவலைசேஷனா

இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் பலர் "விஎம் ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று கைவிடுகிறார்கள். கியூஎமு என்பது 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய நிரல். அதன் இயல்பான வேலை எமுலேஷன். கெஸ்ட்டின், அதாவது உள்ளே ஓடும் இயங்குதளத்தின், ஒவ்வொரு கட்டளையையும் டிசிஜி என்ற பகுதி மொழிபெயர்த்து உங்கள் ப்ராசஸருக்குக் கொடுக்கும். ஒரு வகை ப்ராசஸருக்கான நிரலை வேறு வகை ப்ராசஸரிலும் ஓட்டலாம், ஆனால் மெதுவாக. விர்ச்சுவலைசேஷனில் மொழிபெயர்ப்பு கிடையாது. கெஸ்ட்டின் கட்டளைகள் நேரடியாக ப்ராசஸரிலேயே ஓடும். அதற்கு இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் (ஏஎம்டி-வி என்றும் சொல்வார்கள்) என்ற வசதி வேண்டும். லினக்ஸில் அந்தக் கதவைத் திறந்துவிடுவது கேவிஎம். அது லினக்ஸின் மையமான கர்னலின் ஒரு பகுதி. 2007இல், 2.6.20 கர்னலில் அது சேர்ந்தது.

கியூஎமுவைத் தனியாகக் கூப்பிட்டு, கேவிஎம்மைப் பயன்படுத்து என்று சொல்லாவிட்டால், அது எதுவும் சொல்லாமல் டிசிஜியில் ஓடத் தொடங்கிவிடும். பிழைச்செய்தி வராது. எக்ஸ்பி ஓடும், ஆனால் சுட்டியை நகர்த்தினால் அம்பு பின்னாலேயே இழுபடும், ஒரு மெனு திறக்க மூச்சு வாங்கும். பதிப்பகத்தில் முதல் முறை ஏற்றியபோது எனக்கும் இதுதான் நடந்தது. ரேமைக் கூட்டினேன், வட்டுக் கோப்பின் வகையை மாற்றினேன், ஒரு மாலை முழுக்க வீண். காரணம் பயாஸில் (கணினி தொடங்கும்போதே வரும் அடிப்படை அமைப்பு) விடி-எக்ஸ் அணைந்திருந்ததுதான். அதை முதலில் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதனால் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இதைச் சரிபாருங்கள். எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால் விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி என்று வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தும் வேலை செய்யவில்லை என்றாலோ கர்னல் பதிவைப் பாருங்கள். பயாஸில் முடக்கப்பட்டிருந்தால் அது அங்கே எழுதப்பட்டிருக்கும். அப்புறம் டெவ் அடைவில் கேவிஎம் என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே இரண்டு பிழைகளைப் பிரித்தறிய வேண்டும். "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று வந்தால் மாட்யூல் (கர்னலில் தனியாக ஏற்றும் துண்டு நிரல்) ஏறவில்லை. ப்ராசஸருக்கு ஏற்ப கேவிஎம் இன்டெல் அல்லது கேவிஎம் ஏஎம்டி மாட்யூலை ஏற்ற வேண்டும், அது மறுத்தால் பயாஸுக்குப் போக வேண்டும். "அனுமதி இல்லை" என்று வந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் பயனர்தான் கேவிஎம் குழுவில் இல்லை. குழுவில் சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். அதை மறந்துவிட்டு "சேர்த்தும் வேலை செய்யவில்லை" என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரிச்சி தெருவில் இன்னொரு பழைய பெட்டி

பதிப்பகம் நடத்தும் ஐயாவின் முதல் யோசனை இதுதான். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போனால் ரிச்சி தெருவில் அதே வயதுடைய பெட்டி ஒன்று கிடைக்கும், பழைய வட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் அதே வயதுடைய பெட்டியில் இருப்பதும் அதே வயதுடைய கெப்பாசிட்டர்கள். அடுத்த மழையில் அது நின்றால் மறுபடி ரிச்சி தெரு. வேறு மதர்போர்டில் பழைய வட்டை மாட்டினால் எக்ஸ்பி எழும் என்பதற்கும் உறுதி இல்லை.

ஒரே ஒரு சூழ்நிலையில் நான் தயங்காமல் இந்த வழியைச் சொல்வேன். உங்கள் எழுத்துருப் பூட்டு யூஎஸ்பி இல்லாமல், அச்சுப்பொறி மாட்டும் பேரலல் போர்ட்டில் செருகும் பழைய வகையாக இருந்தால். கடையில் கிடைக்கும் யூஎஸ்பி-பேரலல் கேபிள்கள் அச்சுப்பொறிக்காக மட்டுமே செய்யப்பட்டவை. பூட்டு எதிர்பார்க்கும் போர்ட் முகவரி அதில் கிடையாது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் அதைக் கொண்டுவர ஹோஸ்ட்டின், அதாவது வெளியே இருக்கும் லினக்ஸ் கணினியின், மதர்போர்டிலேயே உண்மையான பேரலல் போர்ட் இருக்க வேண்டும், அதன் பிறகும் பாடுதான். நல்லவேளையாக இங்கே இருந்தது யூஎஸ்பி பூட்டு.

விர்ச்சுவல்பாக்ஸ்

கையில் எடுத்தவுடன் வசப்படுவது இதுதான். ஜன்னல் ஜன்னலாகக் கேட்டு ஒரு இயந்திரத்தை உருவாக்கித் தரும். எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்தால் எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய வட்டுக் கட்டுப்பாட்டையும் நெட்வொர்க் கார்டையும் அதுவே வைக்கும். யூஎஸ்பி பூட்டுக்கு ஒரு வடிகட்டி போட்டுவிட்டால், பூட்டைப் பிடுங்கி மறுபடி செருகினாலும் தானாகப் போய் எக்ஸ்பியில் ஒட்டிக்கொள்ளும். அக்காவைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். பூட்டு பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் பயனர் விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் இல்லை என்று பொருள். ஹோஸ்ட்டின் ஒரு அடைவை எக்ஸ்பிக்குள் காட்டும் பகிர்வு வசதியும் இதில் எளிது. எக்ஸ்பியோடு கோப்பு பரிமாறுவது எவ்வளவு சிக்கல் என்பதைக் கீழே சொல்கிறேன், அப்போது இதன் அருமை புரியும்.

இன்னொரு நன்மை: வீட்டில் விண்டோஸ், அலுவலகத்தில் லினக்ஸ் என்று இருப்பவர்கள் அதே இயந்திரத்தை ஒரு வெளி வட்டில் எடுத்துப்போய் இரண்டிலும் ஓட்டலாம். வெளியிலிருந்து வந்து அட்டை வடிவமைக்கும் இளைஞருக்கு நான் இதைத்தான் வைத்துக் கொடுத்தேன்.

அப்படியானால் பதிப்பகத்துக்கே இதை ஏன் வைக்கவில்லை? விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல் லினக்ஸ் கர்னலின் பகுதி அல்ல. வெளியிலிருந்து வந்து, ஒவ்வொரு கர்னலுக்கும் மூல நிரலிலிருந்து புதிதாகத் தொகுக்கப்பட (கம்பைல்) வேண்டியது. கர்னல் அப்டேட் ஆனால் அந்தத் தொகுப்பும் நடக்க வேண்டும், அதற்கான கர்னல் தலைப்புக் கோப்புகள் (ஹெடர்) இருக்க வேண்டும், கணினியில் கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் அந்த மாட்யூல் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் காலையில் வரும் பிழை ஒன்றுதான்: கர்னல் டிரைவர் ஏறவில்லை. செக்யூர் பூட் விஷயத்தில் ஒரு முறை சாவியைப் பதிந்துவிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் அந்தப் பதிவு, கணினி மறுதொடக்கம் ஆகும்போது வரும் ஒரு நீலத் திரையில் நடப்பது. அதைப் பார்த்துப் பயந்து எதையாவது அழுத்திவிடுவார்கள்.

இதற்கு மேல் 6.12 கர்னலில் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் கேவிஎம், ஒரு மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்கும்போது மட்டுமே விடி-எக்ஸைப் பிடித்துக்கொள்ளும். 6.12 முதல் மாட்யூல் ஏறும்போதே பிடித்துக்கொள்கிறது. அதனால் அதற்கு முன் ஒழுங்காக ஓடிய விர்ச்சுவல்பாக்ஸ் இயந்திரங்கள், விஎம்எக்ஸ் ரூட் மோட் என்று தொடங்கும் புரியாத ஒரு பிழையோடு நின்றன. கேவிஎம் மாட்யூலை இறக்கினாலோ, ஏற்றும்போதே பிடிக்காதே என்று கர்னல் அமைப்பில் 0 கொடுத்தாலோ சரியாகிவிடும். தெரிந்தவருக்கு இரண்டு நிமிடம். அக்காவுக்கு அன்றைய நாள் போச்சு.

டெபியன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. டெபியனின் நிலைப் பதிப்பு மென்பொருள் களஞ்சியத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் கிடையாது. வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். அடிப்படை நிரல் திறந்த மூலம்தான், ஆனால் எக்ஸ்டென்ஷன் பேக் எனப்படும் துணைப்பொதிக்கு வேறு உரிமம். சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் இலவசம், வியாபாரத்துக்கு அல்ல. பதிப்பகம் என்பது வியாபாரம். முன்பு யூஎஸ்பி 2.0 வேண்டுமென்றாலே அந்தப் பொதி தேவைப்பட்டது. 7.0 பதிப்பிலிருந்து அது அடிப்படை நிரலிலேயே வந்துவிட்டது. எனவே துணைப்பொதியைத் தொடாமலே வேலையை முடிக்கலாம், தொடாதீர்கள்.

கேவிஎம்மும் விர்ட்-மேனேஜரும்

இங்கே முதல் நாள் வேலை அதிகம். ஆனால் கேவிஎம் கர்னலுக்குள்ளேயே இருப்பதால், கர்னல் மாறும்போது அதுவும் கூடவே மாறிக்கொள்ளும். தொகுக்க ஒன்றும் இல்லை. செக்யூர் பூட்டிலும் தொந்தரவு இல்லை. இயந்திரத்தை ஓட்டும் கியூஎமு, அதை நிர்வகிக்கும் லிப்விர்ட், அதற்கு ஜன்னல் தரும் விர்ட்-மேனேஜர் மூன்றும் டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. கணினி தொடங்கும்போதே எக்ஸ்பியும் தானாகத் தொடங்கும்படி லிப்விர்ட்டில் ஒரு குறி போட்டுவிடலாம். இயந்திரத்தின் திரையைக் காட்டும் விர்ட்-வியூவரை முழுத்திரையில் திறக்கும் குறுக்குவழி ஒன்றை மேசைத்திரையில் வைத்தால், அக்கா பார்ப்பது தன் பழைய எக்ஸ்பிதான்.

அந்த முதல் நாள் வேலையில் எங்கெங்கே மாட்டிக்கொண்டேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றில் பாதி விர்ச்சுவல்பாக்ஸுக்கும் பொருந்தும்.

செத்த பெட்டியின் வட்டு பழைய ஐடிஇ வகை. அதைக் கழற்றி, ஐடிஇ-யூஎஸ்பி இணைப்பி மூலம் லினக்ஸில் மாட்டி, டிடிரெஸ்கியூ கொண்டு முழு வட்டையும் ஒரு கோப்பாகப் படி எடுத்தேன். மூலப் படியைத் தொடாமல் வைத்துவிட்டு, அதிலிருந்து கியூகௌ2 என்ற வகை மெய்நிகர் வட்டுக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதில்தான் சோதித்தேன். இதை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். எக்ஸ்பி ஒரு முறை தொடங்கினாலே வட்டில் எழுதத் தொடங்கிவிடும், முதல் முயற்சியிலேயே சரியாக வராது.

வரவும் இல்லை. நீலத்திரை, முடிவில் 7பி என்ற எண். எக்ஸ்பிக்குத் தன் வட்டே தெரியவில்லை என்று பொருள். பழைய மதர்போர்டில் வேறு சிப்செட். கியூஎமு காட்டுவது இன்டெலின் பிஐஐஎக்ஸ்3. எக்ஸ்பி தனக்குப் பழக்கமான கட்டுப்பாட்டுக்கான டிரைவரை மட்டும் தொடக்கத்தில் ஏற்றும். மற்ற பொதுவான ஐடிஇ டிரைவர்களையும் தொடக்கத்திலேயே ஏற்றும்படி, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சில பதிவுகளைச் சேர்த்தால் இது தீரும். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே செய்தால் மிக எளிது. இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்தே அந்தப் படியை ஏற்றி ரெஜிஸ்ட்ரியைத் திருத்த வேண்டும். இன்னும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் அச்சகங்களுக்கு என் வேண்டுகோள்: நின்றுபோகும் முன்பே இதைச் செய்து, வட்டைப் படி எடுத்துவிடுங்கள்.

இயந்திர வகையிலும் கவனம் வேண்டும். புதிய இயந்திரம் உருவாக்கும்போது க்யூ35 என்ற வகை வந்து உட்கார்ந்துகொள்ளும். அது சாட்டா வட்டைக் காட்டும், எக்ஸ்பியிடம் அதற்கு டிரைவர் இல்லை. மறுபடி அதே 7பி. ஐ440எஃப்எக்ஸ் வகைதான் எக்ஸ்பிக்குத் தோது. இயங்குதளம் கேட்கும்போது "பொதுவானது" என்று விட்டுவிடாமல் எக்ஸ்பி என்றே தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை வராது. வட்டு ஐடிஇ, நெட்வொர்க் கார்டு ஆர்டிஎல்8139, ஒலி ஏசி97: மூன்றுக்கும் எக்ஸ்பியிலேயே டிரைவர் உண்டு. வேகத்துக்காக விர்ட்டியோ என்ற மெய்நிகர் சாதன வகையை முயலலாம். ஆனால் ஒரு எஸ்எஸ்டியின் மேல் எக்ஸ்பி ஐடிஇயில் ஓடும் வேகமே, அது பழைய பெட்டியில் ஓடியதைவிட அதிகம். நான் தொடவில்லை.

யூஎஸ்பி பூட்டைச் சேர்த்த பிறகும் எக்ஸ்பி அதைக் கண்டுகொள்ளவில்லை. காரணம் மெய்நிகர் இயந்திரத்தில் யூஎஸ்பி 3 கட்டுப்பாடு இருந்தது. எக்ஸ்பி பிறந்தது 2001இல். யூஎஸ்பி 3க்கான டிரைவர் அதில் இல்லை. கட்டுப்பாட்டை யூஎஸ்பி 2க்கு மாற்றியவுடன் பூட்டு தெரிந்தது, பேஜ்மேக்கரில் தமிழ் வந்தது. அக்கா அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். "தம்பி, இந்தப் பக்கத்தை நான் கட்டி பதினெட்டு வருஷம் ஆச்சு" என்றார்.

பூட்டைப் பிடுங்கிச் செருகினால் லிப்விர்ட்டில் அது தானாக மறுபடி ஒட்டவில்லை. லிப்விர்ட்டின் விர்ஷ் கட்டளையால் மீண்டும் இணைக்க ஒரு சின்ன நிரலை எழுதி, பூட்டு செருகப்பட்டதும் அது ஓடும்படி, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வில் ஒரு விதி போட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் தெளிவாக மேல்.

கடிகாரம் ஒன்று. எக்ஸ்பியில் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் குழம்ப வேண்டாம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் காட்டுகிறது, எக்ஸ்பி அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லிப்விர்ட் அமைப்பில் கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று மாற்றினால் போதும். விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கு ஒரு குறிப்பெட்டி உண்டு.

கோப்பு பரிமாற்றம்தான் கேவிஎம் வழியில் பெரிய தலைவலி. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறை மட்டும். லினக்ஸில் கோப்புப் பகிர்வைச் செய்யும் சாம்பா, 4.11 பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே அணைத்துவைக்கிறது, பாதுகாப்புக் காரணங்களுக்காக. அது சரியான முடிவு. அதை மறுபடி திறந்தால் உங்கள் வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் திறந்த கதவாகிவிடும். நான் செய்தது: லிப்விர்ட்டில் வெளியுலகத் தொடர்பே இல்லாத தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கி, எக்ஸ்பியை அதில் மட்டும் வைத்தேன். சாம்பாவை அந்த நெட்வொர்க்கின் இடைமுகத்தில் மட்டும் கேட்கச் சொல்லி, அங்கே பழைய நெறிமுறையை அனுமதித்தேன். 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றுவிட்டது. அதற்கு இணையமே கொடுக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் இது பொருந்தும்.

அச்சுக்கு அனுப்பும் வழி இந்தத் தனிமையிலேயே எளிதாக அமைந்தது. பேஜ்மேக்கரிலிருந்து எழுத்துருக்களோடு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு, பகிர்ந்த அடைவில் போட்டால், லினக்ஸ் பக்கம் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்கிவிடும். அச்சகத்துக்கு அந்தப் பிடிஎஃப் போதும்.

மற்ற வழிகள்

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் வியாபார உபயோகத்துக்கும் இலவசம். வரைகலை வேகம் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கும் கர்னலுக்கு வெளியிலிருந்து வரும் மாட்யூல்கள்தான். விர்ச்சுவல்பாக்ஸைப் பற்றி நான் சொன்ன கவலை அப்படியே இங்கும் உண்டு.

வைன் மெய்நிகர் இயந்திரம் அல்ல. விண்டோஸ் நிரல்களின் அழைப்புகளை லினக்ஸுக்கு மாற்றித் தருவது. பூட்டு இல்லாத நிரலாக இருந்தால் முதலில் இதையே முயன்று பார்க்கச் சொல்வேன். ஆனால் எழுத்துருப் பூட்டின் டிரைவர் விண்டோஸ் கர்னலுக்குள் உட்கார வேண்டியது. வைனில் அந்த விண்டோஸ் கர்னலே கிடையாது. அதனால் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

மேக் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள், அதுவும் யூனிக்ஸ் வழி வந்ததுதானே என்று. இன்டெல் ப்ராசஸர் உள்ள பழைய மேக் என்றால் சிக்கல் குறைவு. 2020 இறுதியில் வந்த எம்1 முதலான மேக்குகளில் ப்ராசஸரே வேறு குடும்பம். எக்ஸ்பியின் கட்டளைகளை அது நேரடியாக ஓட்ட முடியாது. யூடிஎம் போன்ற நிரல்கள் உள்ளே கியூஎமுவின் டிசிஜியைத்தான் பயன்படுத்துகின்றன. மேலே சொன்ன மொழிபெயர்ப்பு வழிதான், வேறு வழியும் இல்லை. ஐயாவின் மகன் வீட்டு மேக்கில் இதை வைத்துப் பார்த்தோம். ஒரு கோப்பைத் திறந்து பார்க்கலாம், அவசரத்துக்கு ஒரு வரியைத் திருத்தலாம். நாள் முழுக்கப் பக்கம் கட்ட அது உதவாது.

ஒரே கணினியில் விர்ச்சுவல்பாக்ஸும் கேவிஎம்மும் இரண்டும் இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு: இருக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். விடி-எக்ஸை ஒருவர் பிடித்திருந்தால் மற்றவருக்குக் கிடைக்காது. கேவிஎம் பக்கம் "சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது" என்ற பிழை வந்தால் பின்னணியில் விர்ச்சுவல்பாக்ஸ் இயந்திரம் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள்.

என்ன முடிவெடுத்தோம்

பதிப்பகத்தில் கேவிஎம். அமைக்க எனக்கு மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் ஒரே சனிக்கிழமையில் முடிந்திருக்கும். அந்த இரண்டு நாள் வித்தியாசத்தை நான் ஒரு முறை கொடுத்தால் போதும். மாட்யூல் தொகுப்பு தவறும் ஒவ்வொரு காலையும் அக்காவும் ஐயாவும் கொடுக்க வேண்டாம். நீங்களே உட்கார்ந்து ஓட்டும் கணினி என்றால், பிழை வந்தால் நீங்களே சரிசெய்வீர்கள் என்றால், விர்ச்சுவல்பாக்ஸ் நல்ல தேர்வு. அடிக்கடி யூஎஸ்பி சாதனங்களைச் செருகி எடுப்பவர்களுக்கும், இரண்டு இயங்குதளங்களுக்கு இடையே இயந்திரத்தைச் சுமப்பவர்களுக்கும் அதையே சொல்வேன். கணினியைத் தெரியாத ஒருவர் தினமும் நம்பி உட்காரும் இடமென்றால் கேவிஎம்.

காப்புப் படி விஷயத்தில் ஐயாவே ஒரு ஒழுங்கு வைத்துவிட்டார். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அக்கா எக்ஸ்பியை முறையாக நிறுத்துவார். ஓடிக்கொண்டிருக்கும்போது கியூகௌ2 கோப்பைப் படி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளும், அதனால் இந்த நிறுத்தம் முக்கியம். அப்புறம் அந்த ஒரே கோப்பு இரண்டு வெளி வட்டுகளுக்குப் போகும். ஒன்று அலமாரியில் இருக்கும். மற்றொன்றை ஐயா துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், மூன்றாவது மாடிக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த தெரிந்தவர் ஒருவரின் அச்சகம் என்ன ஆனது என்று அவர் பார்த்திருக்கிறார்.